விட்டுவைத்த வெளிச்சம்

அருமைநாயகம் காகிதத்தை நக்கிப் பார்க்கிறார். சாலைக் கடைத்தெருவில், காகிதக் கடை வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, தாளின் ஒரு மூலையை நாக்கு நுனியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். நாக்கு ஒட்டிக்கொண்டால் அந்தத் தாள் ஆகாது, வர்ணத்தைக் குடித்துவிடும். ஒட்டாமல் வழுக்கினால் பசை நன்றாக ஏறிய தாள். யுத்தம் தொடங்கிச் சீமைச் சரக்கு நின்றுபோனது முதல் ஒட்டாத தாளை அவர் காணவில்லை. ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு, "இது கருப்பட்டி பொதியத்தான் கொள்ளாம்" என்கிறார். கடைக்காரர் சண்டைக்கு வருவதில்லை. வாரம் தவறாமல் வந்து நக்கிவிட்டு வாங்காமல் போகிறவரிடம் என்ன சண்டை போட முடியும்?

நெட்டையான மனிதர். கழுத்து கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும். பலகையும் ஏணியும் சுமந்து வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்துவிட்டது. வேட்டிக்கு மேலே ஒரு கறுப்புக் கோட்டு. அது கறுப்பாக இருந்த காலத்தை நான் பார்த்ததில்லை. யாரோடு பேசினாலும் ஒரு கண்ணைச் சுருக்கி, கட்டைவிரலை நீட்டி, எதிரே நிற்பவரை அளந்துகொண்டே பேசுவார். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கோபம் வரும். "ஒண்ணும் நெனைக்காதயும். கை சும்மா இருக்காது" என்பார். மன்னிப்புக் கேட்கிற குரலில் அல்ல.

சர்க்காரில் பழைய கட்டடங்களைக் கவனிக்கிற ஓர் இலாகாவில் டிராப்ட்ஸ்மேன் உத்தியோகம். ஊர் பாறசாலைப் பக்கம். பாட்டனார் காலத்தில் வேதத்தில், கிறிஸ்தவத்தில், சேர்ந்த குடும்பம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு துரைசானி கற்றுக்கொடுத்த நீர்வர்ணப் பழக்கம் அவரை இந்த நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. திருவிதாங்கூரில் இடிந்தும் இடியாமலும் நிற்கிற கோட்டை, கொத்தளம், கொட்டாரம், கல்மண்டபம் எதுவானாலும் அதன் எதிரே என்றைக்காவது அருமைநாயகம் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டில் அவர் மனைவி ஞானபாய்க்கு வேறொரு கணக்கு உண்டு. முதல் நாளே தாளை ஊறப்போட வேண்டும். பலாப் பலகையில் அதை விறைப்பாக ஒட்ட மைதாப் பசை காய்ச்ச வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டும். கலந்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்க முடியாது. இடவப்பாதிப் பருவமழையில் ஒரு பூச்சு காய ஒரு நாள் ஆகும். அதனால் பலகைக்குக் கீழே கரியடுப்பு வைத்து விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏறினால் தாள் சுருண்டுவிடும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். விசிறுவது ஞானபாய். "சோறு வடிக்கக் கரி இல்லேன்னாலும் படம் காயக் கரி வேணும் எங்க வீட்டுல" என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னபோது அருமைநாயகம் பக்கத்தில்தான் இருந்தார். கேட்காதது போல இருந்தார்.

வெளிவேலைக்குத் தங்கப்பன். ஏணி, அளவு நாடா, குடை, தண்ணீர்க் குடம் எல்லாம் அவன் பொறுப்பு. தங்கப்பன் அவருக்குத் தாய்வழியில் உறவு. இவருடைய பாட்டனார் வேதத்தில் சேர்ந்தார். அவனுடைய பாட்டனார் சேரவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்தைத்தான் நான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

கரமனை ஆறு தாண்டித் தெற்கே போகிற பாதையோரம் ஒரு பழைய சிவன் கோவில். பெயர் எழுத வேண்டாம் என்று அருமைநாயகமே கேட்டுக்கொண்டார். அதன் உட்பிரகாரம் நீளமான கல்மண்டபம். இரண்டு பக்கமும் தூண்கள், தூணுக்குத் தூண் விளக்கேந்திய பெண் சிலை. அதை வர்ணப் படமாக எழுதி வைக்க வேண்டுமென்று இலாகாத் தலைவராக இருந்த துரை ஆசைப்பட்டார். காமிராவை உள்ளே விடமாட்டார்கள். துரையையும் விடமாட்டார்கள். அருமைநாயகத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பாதைகள்கூட எல்லோருக்கும் திறக்கப்படாத காலம் அது. வேதக்காரர் என்பதால் அருமைநாயகம் வாசலுக்கு எதிரே நிற்கும் புன்னைமரத்தடி வரை போகலாம். தங்கப்பன் தெருமுனையில் நட்டிருந்த தடை அறிவிப்புப் பலகைக்கு அப்பாலேயே நின்றுவிட வேண்டும். ஆகவே அங்கிருந்து ஏணியையும் குடத்தையும் டிராப்ட்ஸ்மேனே தூக்கிக்கொண்டு போனார்.

துரை ஒரு வழி சொன்னார். இலாகாவில் பட்டாபி என்று ஒரு சர்வேயர், ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்துக்காரர். அவர் உள்ளே போய் அளந்து வந்து சொல்வார்; இவர் புன்னைமரத்தடியில் உட்கார்ந்து வரைவார்.

பட்டாபி நாடாவை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். வேர்த்து விறுவிறுத்து வெளியே வருவார். தூணின் உயரம், தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி, சிலையின் கை எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதையெல்லாம் ஒப்பிப்பார். அளவில் ஒரு விரற்கடை பிசகாது. பிறகு அருமைநாயகம் கேட்க ஆரம்பிப்பார்.

"தூணு என்ன நெறம் சாமி?"

"கருங்கல் நிறம்."

"கருங்கல்லுல பச்சை ஓடினது உண்டு, சிவப்பு ஓடினது உண்டு. இது?"

"கல்லுன்னா கல்லு நிறம் ஓய். இதுக்கெல்லாமா உள்ளே போய்ப் பார்த்துண்டு வரச் சொல்றீர்?"

"செரி. வெளிச்சம் எங்கேருந்து வருது?"

"மேலேருந்து."

"மேலே தொறப்பு உண்டா?"

"நடுவிலே வானம் தெரியுமே."

"அப்போ தூணுல வெயில் விழுமில்லா?"

"விழாமே பின்னே? வெளிச்சம் இல்லாமலா நான் அளந்தேன்?"

நடுவில் வானம் தெரிவது அந்த மண்டபத்தில் அல்ல, அதைத் தாண்டி உள்முற்றத்தில். பட்டாபி பொய் சொல்லவில்லை. கையில் விளக்கோடு போய் அளந்ததைச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கருங்கல்லின் மேல் சரிவாக வெயில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று அருமைநாயகம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உயரத்தில் திறப்பு உள்ள கட்டடம் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான்: ஊரில் அவர்களுடைய சபைக் கோவில். வீட்டு அம்மிக்கல்லை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஆராதனை இல்லாத நாட்களில் அதைப் பீடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, மேல்ஜன்னல் வழியாக வெயில் இறங்கி வந்து கல்லைத் தொட்டு ஏறி மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். ஞானபாய் அந்த நாட்களில் அண்டை வீட்டு அம்மியில் அரைத்தாள். "அம்மிக்கு ஞானஸ்நானம் குடுக்கப் போயிருக்காரு" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொன்னாள்.

நீர்வர்ணத்தில் வெளிச்சத்தைப் பூச முடியாது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை வெறுமனே விட்டுவைக்க வேண்டும். சுற்றிலும் இருட்டை ஏற்ற ஏற்ற, தொடாமல் விட்ட தாள் வெயிலாகிறது. இடது பக்கத்துத் தூண்களின் மேல் சரிவாக ஒரு பட்டையை அப்படி விட்டார் அருமைநாயகம். அதன் விளிம்பில் ஒரு சிலையின் கன்னமும் கையும் மட்டும் தெரிந்தன. ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தப் படத்துக்குப் போயிற்று.

முதலில் பட்டாபியிடம்தான் காட்டினார். பட்டாபி வெகுநேரம் பார்த்தார். "கோவிலுக்குள்ளே நிக்கறாப்பலே இருக்கு ஓய்" என்றார். துரை தொப்பியைக் கழற்றினார். படத்துக்கு அடியில் இலாகா முத்திரை விழுந்தது. வரைந்தவர் பெயர் இல்லை. அருமைநாயகம் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவருக்கு அந்த வெயில்பட்டை போதும். அந்நாளில் அவர் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாராம், ஞானபாய் சொல்வது.

பல வருஷம் கழித்துக் கோவில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடுகிற மகாராஜாவின் பிரகடனம் வந்தது. ஊரெல்லாம் மேளமும் ஊர்வலமும். கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் தங்கப்பன் குளித்து, புது முண்டு உடுத்திக்கொண்டு அந்தச் சிவன் கோவிலுக்குப் போனான். அருமைநாயகமும் கூடப் போனார், புன்னைமரத்தடி வரை. அன்றைக்கு அந்த மரத்தைத் தாண்டிப் போனவன் தங்கப்பன். நின்றவர் இவர்.

தங்கப்பன் நெற்றி நிறையச் சந்தனத்தோடு திரும்பி வந்தான்.

"எப்படிடே இருந்தது?"

"கொள்ளாம் அண்ணே. உள்ள நல்ல குளிரு."

"தூணெல்லாம்?"

"நீங்க வரஞ்ச மாதிரியேதான். வெளக்கு பிடிச்ச பொம்பளைச் சிலைகூட அச்சா அப்படியே."

"எடது பக்கம் வெயில் விழுதா? சரிவா?"

தங்கப்பன் சிரித்தான். "வெயிலா? அங்க எங்க அண்ணே வெயிலு? கண்ணைக் கெட்டி விட்ட கணக்கா இருட்டு. கண்ணு பழகின பொறவுதான் தூணே தெரிஞ்சுது. முன்னால போனவரு முதுகைத் தொட்டுக்கிட்டுத்தான் நான் போனேன். கையில பூணூல் தட்டிச்சு. நடுங்கிப் போனேன், கேட்டியளா? அவரு திரும்பிக்கூடப் பாக்கல்ல அண்ணே. ஒண்ணுமே சொல்லல்ல."

இந்தச் சமஸ்தானத்தில் அதைவிடப் பெரிய செய்தி அந்த வருஷத்தில் இல்லை. சொல்லும்போது தங்கப்பனின் கண் கலங்கியிருந்தது. அருமைநாயகத்தின் காதில் அது விழவே இல்லை.

"கொஞ்சங்கூட வெயில் இல்லையா?" என்று மறுபடி கேட்டார்.

அன்று மாலையே ஸ்ரீவராகத்துக்குப் போனார். பட்டாபி உத்தியோகத்திலிருந்து விலகி வீட்டோடு இருந்தார். அருமைநாயகம் தெருவிலேயே நின்றுகொண்டு கூப்பிட்டார்.

"படத்தை முடிச்சதும் ஒங்களுக்குத்தானே சாமி காட்டினேன்? அங்க இருட்டுன்னு ஏன் ஒரு வார்த்தை சொல்லல்ல?"

பட்டாபி யோசித்தார். நடிப்பு இல்லை, உண்மையாகவே யோசித்தார். "இருட்டோ? இருக்கும். நான் விவரம் தெரிஞ்ச நாள் முதலா போறேன் ஓய். கால் தன்னால நடக்கும். கண்ணைத் திறந்துண்டு போனேனா, மூடிண்டு போனேனா, எனக்கே நிச்சயமில்லை. உம்ம படத்தைப் பார்த்த அப்புறந்தான், அட, நம்ம கோவில் இவ்வளவு நன்னா இருக்கான்னு தோணித்து. இப்போ உள்ளே போறச்சேயெல்லாம் எனக்கு அந்த வெளிச்சந்தான் தெரியறது. அதிலே என்ன தப்பு?"

"தப்பில்ல சாமி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கு அவர் போனதில்லை. பட்டாபி என்ற பெயரை யாராவது எடுத்தால், "கண்ணு எதுக்கு அந்த மனுசனுக்கு? யாருக்காவது தானம் பண்ணலாம்" என்பார்.

இலாகாவில் எழுதிக் கேட்டார். படத்தை ஒரே ஒரு நாள் கையில் கொடுங்கள், விட்டுவைத்த இடத்தின் மேல் ஒரு பூச்சு, அது போதும் என்று. துரை போய்விட்டார், புதிய தலைவர் பி.ஏ. படித்த மலையாளி கனவான், நல்லவர். சிரித்துவிட்டார். "மிஸ்டர் நாயகம், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அந்த வெயிலைத்தான் புகழ்கிறார்கள். அதை அழிக்க வேண்டுமா? படம் இனி உம்முடையதல்ல. சர்க்கார் சொத்து" என்றார்.

அப்புறம் வீட்டில் ஆரம்பித்தது. இருந்த நல்ல தாள்களையெல்லாம் எடுத்து அதே மண்டபத்தை மறுபடி மறுபடி வரைந்தார். இந்த முறை வெயில் இல்லாமல். தங்கப்பனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டுவார்.

"இன்னும் இருட்டு வேணும் அண்ணே."

மேலே ஒரு பூச்சு ஏற்றுவார்.

"இப்போ?"

"இது கூடிப்போச்சு. இருட்டாத்தான் இருக்கும். ஆனா கல்லு நிக்கது தெரியும்."

"எப்படித் தெரியும்? எதை வச்சுத் தெரியும்?"

"அதை எப்படிச் சொல்ல? வந்து பாத்தாத்தான்..." என்று தொடங்கி, தங்கப்பன் நாக்கைக் கடித்துக்கொள்வான்.

பூச்சுமேல் பூச்சு ஏறித் தாள் நைந்து கிழியும். ஞானபாய் கரியடுப்பை விசிறிக்கொண்டே, "வெள்ளைத் தாளைக் கருப்பாக்க எதுக்கு வர்ணம்? இந்தக் கரியே போதும்" என்பாள். தாள்கள் அப்படித்தான் தீர்ந்தன. சாலைக் கடையில் அவர் இன்றைக்கும் தேடுவது அதற்குத்தான்.

ஒருநாள் தங்கப்பனே சொன்னான். "அண்ணே, சட்டையைக் கழத்தினா நானும் நீங்களும் ஒண்ணுதானே? அங்க யாரு சபைப் பதிவைக் கேக்கா? என் பின்னால வாருங்க. ஒரு நடை. பாத்துட்டு வந்துரலாம்."

இரண்டு வாரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தார். தெரிந்தால் சபையிலிருந்து நீக்கிவிடுவார்கள். நாளைக்குக் கல்லறையில் இடம் கிடைக்காது. ஞானபாயின் தகப்பனார் அந்தச் சபையில் மூப்பர். எல்லாம் யோசித்தார். பிறகு ஒரு காலையில் அவளிடம் ஒன்றும் சொல்லாமல் கிளம்பினார். கோவிலுக்குக் கொஞ்சம் இப்பால் சட்டையைக் கழற்றித் தங்கப்பனிடம் கொடுத்தார். தங்கப்பன் பொட்டலத்திலிருந்து திருநீற்றை எடுத்து அவர் நெற்றியில் பூசினான்.

கூட்டத்தோடு கூட்டமாக வாசல் வரை போய்விட்டார்கள். ஒருவரும் தடுக்கவில்லை. ஒரு காலைப் படியில் வைத்தும்விட்டார்.

"சாரே!"

வாசல் காவல்காரக் கிழவர். அந்தக் காலத்திலிருந்து அதே வாசலில் நிற்பவர். முகமெல்லாம் சிரிப்பு. "படம் சாரல்லே? எத்ர காலமாயி கண்டிட்டு!" என்று நெடுநாள் காணாத சந்தோஷத்தில் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு யாருக்கும் தோன்றாத ஒரு மரியாதையைச் செய்தார். உள்ளே ஓடி, தான் உட்காருகிற முக்காலியைத் தூக்கிவந்து, மேல்துண்டால் தூசி தட்டி, புன்னைமரத்தடியில், பழைய இடத்தில், பழைய திசையைப் பார்த்துப் போட்டார். "இருந்நோளூ சாரே. இனி ஆரும் சல்யம் செய்யில்லா" என்று, யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்வதாக உறுதி சொன்னார்.

நெற்றித் திருநீற்றைக் கிழவர் பார்த்தாரா, பார்த்துவிட்டு அவமானம் வராமல் காப்பாற்றினாரா, அல்லது அவருக்கு இந்த மனிதர் என்றாலே அந்த மரத்தடிதானா? அருமைநாயகம் இதை என்னிடம் மூன்று விதமாகவும் சொல்லியிருக்கிறார். மூன்றிலும் அவர் போய் முக்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். தங்கப்பன் தொழுதுவிட்டு வெளியே வந்தபோது, சட்டையில்லாமல், பலகையில்லாமல், தாளில்லாமல், மதிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் ஞானபாய் நெற்றியைப் பார்த்தாள்.

"பாத்தியளா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பின்ன இது எதுக்கு?" என்று முந்தானையை நனைத்து அவளே துடைத்துவிட்டாள். சபைக்குச் செய்தி எட்டவில்லை. தங்கப்பன் இப்போது ஏணி தூக்குவதில்லை. வலியசாலைப் பக்கம் சொந்தமாக ஒரு தேயிலைக் கடை வைத்திருக்கிறான். அருமைநாயகத்தைக் கண்டால் எழுந்து நிற்கிறான், கோவிலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. இவர் மற்ற எல்லாவற்றையும் பேசுகிறார், கசப்பாக. தேயிலையில் சாயம் போதாது என்கிறார்.

இலாகாவின் படங்களை இப்போது ஒரு மாடிக் கூடத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். யாரும் போய்ப் பார்க்கலாம். போன மாதம் அவரோடு நான் போயிருந்தேன். அந்தப் படத்துக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. "உள்ளே போனா இப்படித்தான் இருக்கும்போல. வெயிலைப் பாரு, சாமியே இறங்கி வந்த மாதிரி" என்றார் கணவர். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, வெயில்பட்டையின் நேரே நின்று கைகூப்பினாள். உதடு அசைந்தது. அவர்களுக்குப் பின்னால் அருமைநாயகம் நின்றார்.

"அது எங்க சபைக் கோவில் வெயிலு" என்று என் காதருகே சொன்னார். நான் சிரிக்க வேண்டுமா கூடாதா என்று தெரியவில்லை.

அவர்கள் இறங்கிப் போனார்கள். அவர் படத்தின் பக்கம் போகவில்லை. அதற்கு எதிரே இருந்த பெரிய ஜன்னலுக்குப் போய் ஒரு கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு மற்றதை. கீழேயிருந்து சேவகன், "ஆரா ஜன்னல் அடைச்சது?" என்று குரல் கொடுத்தான். அவர் தாழ்ப்பாளைப் போட்டார். கூடத்தின் அந்தப் பக்கம் மங்கிற்று. சட்டத்துக்குள் வெள்ளைத் தாளாக விட்டிருந்த இடம் சாம்பலாகி, மெல்லத் தூணோடு தூணாய்ச் சேர்ந்தது. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்காமல், கழுத்தை மட்டும் திருப்பி, அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.